சுவரில்லாத கிருமியும் சிரிப்புக்காவும்

இந்த மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அலமாரிக்குப் பின்னால் ஒரு பெண் வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து, முன்பின் தெரியாதவளாக இருந்தால் என்ன என்று தோளில் கை வைத்தேன். அவள் ஒரு சீட்டை என்னிடம் நீட்டினாள். வார்டிலிருந்து ரத்தப் புட்டியோடு வந்த சீட்டு. வயது என்ற இடத்தில் 412 என்று எழுதியிருந்தது.

“நானூத்திப் பன்னெண்டு வயசு,” என்றாள், மூச்சு வாங்கியபடி. “சர்க்கரை நார்மலா இருக்கு. என்ன சாப்பிடறார்னு கேட்டு எழுதி வெச்சுக்கணும்.”

வயது நாற்பத்தொன்று, கட்டில் எண் இரண்டு. இரண்டும் ஒட்டிக்கொண்டதில் வந்த வினை. ஆனால் அது தெரியவருவதற்குள் அலமாரிக்குப் பின்னால் இரண்டு பேர் குலுங்கிக்கொண்டிருந்தோம். வேலைக்குச் சேர்ந்து எனக்கு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அவளை எல்லாரும் சிரிப்புக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சிரிப்பு அவளுக்கு ஒரு வியாதி மாதிரி. எங்கே சிரிக்கக் கூடாதோ அங்கே சரியாக வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் கூட்டாகப் பாடும் குழுவிலிருந்து அவளை விலக்கியதே அதனால்தான். வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரியின் நாற்காலி, அவர் ஒவ்வொரு கேள்வி கேட்கும்போதும் முன்னால் சாய்ந்ததால், ஒரு சத்தம் போட்டதாம். அது என்ன மாதிரிச் சத்தம் என்று அக்கா செய்து காட்டுவாள், நான் எழுதப்போவதில்லை. எல்லாக் கேள்விக்கும் கண்ணில் நீர் வழிய வழிய பதில் சொல்லியிருக்கிறாள். வேலை கிடைக்காது என்று முடிவு கட்டிக்கொண்டு வெளியே வந்தவளை அந்த அதிகாரியே கூப்பிட்டுச் சொன்னாராம்: “இந்த வேலைக்கு வர்றவங்க எல்லாம் ரெண்டு மாசத்துல மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறாங்க. நீ கொஞ்ச நாள் தாங்குவ.”

இருபத்தாறு வருடமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறாள்.

கல்யாணமும் அப்படித்தான். சேர்ந்த மூன்றாம் வருடம், கையில் ஆறு தட்டு சாம்பிளோடு லிப்டில் மாட்டிக்கொண்டாள். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில், நாற்பது நிமிடம். சரிசெய்ய வந்த மெக்கானிக் கதவிடுக்கில் வாயை வைத்து, “பயப்படாதீங்க, நான் இருக்கேன்” என்றிருக்கிறார். உள்ளேயிருந்து பதில் இல்லை, ஒரு மாதிரி விக்கல் சத்தம் மட்டும். இந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்துவிட்டது என்று அவர் பதறிப்போய்க் கடப்பாரையோடு கதவை நெம்பிப் பார்த்தால், அவள் சாம்பிள் தட்டுகளைப் பத்திரமாகச் சுவரோரம் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இன்று அந்த மெக்கானிக்தான் எங்கள் மாமா. ஊரில் பாதி லிப்டு அவர் கைபட்டுத்தான் ஓடுகிறது.

அக்காவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளுக்குக் கிட்டப்பார்வை, அதுவும் மைனஸ் பதினொன்று. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரில் நிற்பது ஆளா பீரோவா என்று தெரியாது. ஒருமுறை கண்ணாடி இல்லாமல் ஒரு கோட் ஸ்டாண்டுக்கு வணக்கம் சொல்லியிருக்கிறாள். ஆனால் மூக்குக்கு நாலு விரல் தூரத்தில் எதை வைத்தாலும், நமக்கு லென்ஸ் போட்டுத் தெரிவது அவளுக்கு வெறும் கண்ணில் தெரியும். அவள் இருப்பது கிருமிப் பிரிவு. நோயாளியிடமிருந்து வரும் சீழ், சிறுநீர், முதுகுத்தண்டு நீர் எதுவானாலும், ரத்தம் கலந்த ஜெல்லி ஊற்றிய வட்டப் பிளேட்டில் கம்பியால் கோடு கோடாக இழுத்து, உடம்புச் சூட்டில் இருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் வைப்பாள். கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் அந்தக் கோடுகளின் மேல் புள்ளி புள்ளியாக வளரும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்பதை அதிலிருந்து கண்டுபிடித்து மேலே எழுதி அனுப்ப வேண்டும்.

போன வருடம் எங்கள் மருத்துவமனைக்கு ஒரு டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் வந்தார். ஐம்பது வயது. மூளையை மூடியிருக்கும் சவ்வில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் எடுத்தாக வேண்டும். எடுத்தவர் எங்கள் மூளை அறுவை நிபுணர். அவருக்குக் கடுகு டாக்டர் என்று பெயர். உருவத்துக்காக வந்த பெயர் அல்ல. சூடு பட்டால் வெடிப்பார். மற்றபடி கையில் அப்படி ஒரு நிதானம். கட்டி வேரோடு வந்துவிட்டது. ஐந்தாம் நாள் வாத்தியார் எழுந்து நடந்தார். வராந்தாவில் தள்ளுவண்டியோடு போகிற ஊழியர்களை நிறுத்தி, வளைவில் முந்தக்கூடாது என்று வகுப்பெடுத்தார்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. பதினோராம் நாள் தையல் போட்ட இடம் வீங்கிச் சீழ் வடிந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் எலும்புக்கு அடியிலும் சீழ். தலையை முழுக்க மழித்து, மறுபடி திறந்து கழுவிவிட்டு, சீழைப் புட்டியில் எங்களுக்கு அனுப்பினார்கள். இருப்பதிலேயே வீரியமான இரண்டு மருந்துகளை நரம்பில் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

அக்கா அந்தச் சீழில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் அடுக்கடுக்காக இருந்தன. கிருமி ஒன்றுகூட இல்லை.

“படையெல்லாம் வந்து நிக்குது,” என்றாள். “யாரோட சண்டைன்னுதான் தெரியல.”

இரண்டு நாள் கழித்துப் பிளேட்டும் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. வளர்ச்சி இல்லை என்று எழுதி அனுப்பினோம். காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாளும் இல்லை, நான்காம் நாளும் இல்லை. ஒரு மருந்தை மாற்றினார்கள். அதற்கும் அசையவில்லை. கடுகு டாக்டர் மாடியிலிருந்து போன் செய்து, “கீழ என்னதான் பண்றீங்க? சீழ் கொடுத்திருக்கேன், பேர் கேக்கறேன். ஒரு பேர் சொல்ல இத்தனை நாளா?” என்று வெடித்தார். ரிசீவரை நான் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தும் அறை முழுக்கக் கேட்டது.

அன்று மத்தியானம்தான் வாத்தியாரின் மனைவி எங்கள் ஜன்னலுக்கு வந்தார். தபால் அலுவலகத்தில் கவுன்ட்டரில் வேலை பார்ப்பவர். மடிப்புக் கலையாத புடவை, கையில் எல்லாக் காகிதமும் தேதி வாரியாக அடுக்கிய ஒரு கோப்பு.

“கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உக்காந்து பழக்கம்,” என்றார். “இந்தப் பக்கம் நிக்க ஒரு மாதிரி இருக்கு. அவருக்கு ஏதாவது வந்துச்சா மா?”

முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாங்கள் சொல்லக்கூடாது. ஆனால் இல்லாததைச் சொல்வதில் தப்பில்லை என்று அக்காவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். “இன்னும் ஒண்ணும் வளரலைங்க.”

“வளரலைன்னா நல்லதுதானே?”

“உடம்புக்குள்ள வளரலைன்னா நல்லது. இங்க வளர்ந்தாத்தான் அது யாருன்னு தெரியும்.”

அந்த அம்மாள் ஜன்னல் பலகையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பது போல, “காய்ச்சல்ல பிதற்றல் வந்துடுச்சு அவருக்கு,” என்றார். “காலையில நர்ஸுங்க கட்டிலைத் தள்ளிட்டு ஸ்கேனுக்குப் போனாங்க. வழி முழுக்க வலது காலால கட்டில் கம்பியை மிதிச்சுக்கிட்டே வர்றார். திரும்பற இடத்துல, ‘கையைக் காட்டாம திரும்பறியே, உனக்கு யாரும்மா லைசென்ஸ் கொடுத்தது’ன்னு அந்தச் சின்ன நர்ஸைத் திட்டறார். அந்தப் பொண்ணு பயந்துபோய்க் கையைக் காட்டிட்டுத் திரும்புச்சு.”

நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன ஆகும் என்று தெரியும். ஆனாலும் அந்த விக்கல் சத்தம் வந்துவிட்டது. போச்சு, இன்றைக்கு வேலை போச்சு என்று நினைத்தேன். அந்த அம்மாள் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். உதடு துடித்தது. அப்புறம் அவரும் ஆரம்பித்தார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, பலகையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்கள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல ஒரு வாரம் சேர்ந்தாப்பல என்னைத் திட்டாம இருந்ததில்ல,” என்றார் அந்த அம்மாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. “இப்ப ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் திட்டறார். என்னை யாருன்னே தெரியல அவருக்கு.”

மறுநாள் ஐந்தாம் நாள். எங்கள் விதிப்படி ஐந்து நாளில் ஒன்றும் வளராத பிளேட்டைக் கழிவு வாளியில் போட்டுவிடலாம். அக்கா அதை எடுத்தாள். வாளிப் பக்கம் போனாள். போகிற வழியில் நின்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூடியைத் திறக்காமலே பிளேட்டை மூக்குக்கு நேராகப் பிடித்து, வெளிச்சத்துக்குச் சாய்த்தாள்.

“இங்க வாடீ.”

போனேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“சாய்ச்சுப் பாரு. இன்னும் கொஞ்சம். பனி விழுந்த மாதிரி இல்ல?”

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஊசி முனையால் தொட்டு வைத்த மாதிரி, நிறமே இல்லாத புள்ளிகள். இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை.

எங்கள் துறைத் தலைவியைக் கூப்பிட்டோம். கண்டிப்பான டாக்டர். சுற்றி வளைத்துப் பேசினால் பிடிக்காது. பார்த்துவிட்டு, “தண்ணித் துளி. பெட்டிக்குள்ள ஈரம் இருக்கு, மூடியில இருந்து விழுந்திருக்கும்,” என்றார்.

“மேடம்,” என்றாள் அக்கா, “கோடு இழுத்த இடத்துல மட்டும் இருக்கு. நான் எங்க கோடு இழுத்தேன்னு தண்ணிக்கு எப்படித் தெரியும்?”

தலைவி பிளேட்டைத் திருப்பிக் கொடுத்தார். “சாயம் ஏத்திப் பாருங்க.”

ஏற்றினோம். ஒன்றும் இல்லை. புள்ளியைக் கம்பியால் தொட்டுத் தடவியிருக்கிறோம், அது கண் முன்னால் நடந்தது, ஆனால் கண்ணாடித் துண்டு வெறிச்சென்று இருந்தது. மூன்று முறை செய்தோம்.

“பாத்தீங்களா,” என்றார் தலைவி. “இல்லாததுக்குச் சாயம் ஏறாது.”

அக்கா அந்தப் பிளேட்டை மறுபடி இன்குபேட்டருக்குள் வைத்தாள். புதுப் பிளேட் ஒன்றிலும் அந்தப் புள்ளியிலிருந்து கோடு இழுத்து வைத்தாள். அன்று முழுக்க அவள் சிரிக்கவில்லை. நாலு பேர் வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

மறுநாள் காலை நான் வந்தபோது அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். மேசை மேல் பழைய பாடப்புத்தகம், அட்டை கழன்றது. அக்காவின் கன்னமெல்லாம் சிவந்திருந்தது.

“புள்ளி பெருசாகியிருக்கு,” என்றாள். “தண்ணித் துளி காயும், பெருசாகாது. நீ இப்ப ஒண்ணு சொல்லு. சுவரே இல்லாத வீட்டுக்கு வெள்ளையடிக்க முடியுமா?”

“காலங்காத்தால என்னக்கா இது?”

“சொல்லுடீ. கிருமிக்கெல்லாம் சுத்தி ஒரு சுவர் இருக்கு. நம்ம சாயம் அந்தச் சுவர்லதான் பிடிக்கும். சுவரே இல்லாத கிருமி ஒண்ணு இருக்கு. படிக்கும்போது ஒரு பாரா வரும், பரீட்சைல கேக்க மாட்டாங்கன்னு தள்ளிட்டுப் போயிடுவோம். அதுக்குச் சாயமும் பிடிக்காது. இப்ப மாடியில அவருக்கு ஏத்தற மருந்து எல்லாம் என்ன பண்ணும் தெரியுமா? கிருமியோட சுவரை இடிக்கும்.” அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். “இடிக்கிறதுக்குச் சுவர் வேணுமே.”

இரண்டு பேரும் தலைவியின் அறைக்கு ஓடினோம். நடந்தோம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் ஓடினோம், அக்காவின் செருப்பு ஒன்று வழியில் கழன்று கிடந்தது.

தலைவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒத்துக்கொள்ளும்வரை பாறை. ஒத்துக்கொண்டுவிட்டால் புயல். புள்ளியைப் பார்த்தார், புதுப் பிளேட்டைப் பார்த்தார், அதிலும் லேசாகப் பனி விழ ஆரம்பித்திருந்தது. புத்தகத்தின் அந்தப் பாராவை நின்றபடியே படித்தார். ஐந்தே நிமிடத்தில் மரபணுச் சோதனைக்காகப் பெரிய ஆய்வகத்துக்கு சாம்பிள் கட்டச் சொல்லிவிட்டு, கடுகு டாக்டரை ஸ்பீக்கரில் போட்டார்.

“உங்க வாத்தியாருக்கு மூத்திர டியூப் போட்டிருந்தீங்களா?”

“மூளை ஆபரேஷன்ல போடாம என்ன? ஏன்?”

“இது அடிவயித்துப் பக்கம் சத்தமில்லாம குடியிருக்கிற கிருமி மாதிரி இருக்கு. நிறைய பேருக்கு இருக்கும், ஒண்ணும் பண்ணாது. டியூப் போட்டப்ப ரத்தத்துல கலந்து மேல போயிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. சோதனை முடிவு வர ஒரு வாரம் ஆகும். ஆனா அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு நினைக்கிறேன். இதுக்குச் சுவர் கிடையாது, டாக்டர். நீங்க கொடுக்கிறது எதுவும் கேக்காது.”

மறுமுனையில் சத்தமே இல்லை. கடுகு டாக்டர் போனில் மௌனமாக இருந்ததை நாங்கள் அதுவரை கேட்டதில்லை.

“அப்படின்னா,” என்றார் கடைசியில், மிக மெதுவாக, “ஒரு வாரமா நான் சுவரே இல்லாதவன் வீட்டுல போய்ச் சுவரை இடிச்சுட்டு இருந்திருக்கேன்.”

அக்கா தாங்கவில்லை. ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து வந்தது. தலைவி முறைத்தார், நான் அவள் முதுகில் கிள்ளினேன், ஒன்றும் பலிக்கவில்லை. ஸ்பீக்கரில் எல்லாம் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் வெடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அதற்குப் பதில் பழைய மோட்டார் தண்ணீர் இறைக்க ஆரம்பிப்பது போல ஒரு சத்தம் வந்தது. தலைவி பயந்துபோய் போனைத் தட்டிப் பார்த்தார். கடுகு டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“யாரது அங்க?” என்றார். “கண்டுபிடிச்சவங்களா? சரி. எந்த மருந்து, சொல்லுங்க.”

அன்று மத்தியானமே மருந்து மாறியது. நரம்பில் ஒன்று, வாய்வழியாக ஒன்று. அந்த இரண்டாவது, முகப்பருவுக்கும் கொடுக்கிற சாதாரண மாத்திரை. டாக்டர் சீட்டை எழுதிக் கொடுத்ததும் தபால் அம்மாள் அதைப் படித்துவிட்டு, “இதையா? இதை என் பொண்ணு பருவுக்குச் சாப்பிடறா டாக்டர். எங்க வீட்டு பிரிட்ஜ் மேல ஒரு அட்டை கிடக்குது,” என்றாராம். கடுகு டாக்டர், “அதை அவளே சாப்பிடட்டும், இவருக்கு நாங்க தர்றோம்,” என்று பதில் சொல்லியிருக்கிறார். அவர் நகைச்சுவையாகப் பேசியது வார்டு முழுக்கப் பரவி, கீழே எங்களிடம் வந்து சேர்வதற்குள் அவர் பாட்டுப் பாடினார் என்று ஆகியிருந்தது.

முதல் நாள் காய்ச்சல் அப்படியே இருந்தது. இரண்டாம் நாள் அரை டிகிரி இறங்கி மறுபடி ஏறியது. அக்கா அன்று மூன்று பிளேட்டில் தேதியைத் தப்பாக எழுதினாள். ஒருவேளை தண்ணித் துளிதானோ, ஒருவேளை அவர் மூளையை வைத்து நான் விளையாடிவிட்டேனோ என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாள். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வார்டு நர்ஸ் போன் செய்தாள். காய்ச்சல் இல்லை. வாத்தியார் கண் விழித்து, தலையைத் தடவிப் பார்த்து, மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “என் முடி எங்க? உன்னைக் காவலுக்கு உக்கார வெச்சா எவனோ வந்து மொட்டையடிச்சுட்டுப் போயிருக்கான், நீ பாத்துக்கிட்டா இருந்த?” என்று திட்டியிருக்கிறார். அந்த அம்மாள் அதைக் கேட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, “திட்டறார், என்னைத்தான் திட்டறார்,” என்று வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் சொன்னாராம்.

மரபணுச் சோதனை முடிவு ஏழாம் நாள் வந்தது. அக்கா சொன்ன அதே கிருமி. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். ரத்தப் புட்டிகளைச் சுழற்றும் சென்ட்ரிபியூஜ் மெஷினில் இடித்துக்கொண்டோம். பிறகு மாமாவுக்கு போன் போட்டாள்.

“ஏங்க, அது அதுவேதான்.”

“எது?”

“சுவரில்லாதது.”

“இரு, இங்க ஒருத்தர் உள்ள மாட்டிட்டு இருக்கார், அவரை எடுத்துட்டுப் பேசறேன்,” என்றார் மாமா. பின்னாலிருந்து யாரோ ஒருவர், “பரவாயில்லைங்க, பேசிட்டே வாங்க,” என்று சொன்னது எங்களுக்கும் கேட்டது. அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

வாத்தியார் இன்னும் மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். வீட்டுக்குப் போன பிறகும் பல வாரம் அந்த மாத்திரையைச் சாப்பிட்டார். இடது கையின் பிடிமானம் முழுசாகத் திரும்பி வரவில்லை. பொத்தான் போட நேரமாகிறது. ஒரு வருடத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது என்று கடுகு டாக்டர் சொன்னபோதுதான் வாத்தியார் முகம் செத்துப்போனது என்று நர்ஸ் சொன்னாள். இப்போது ஸ்கூலில் விதிகள் வகுப்பு மட்டும் எடுக்கிறார். வண்டியில் பாடம் சொல்லிக்கொடுக்க அவருடைய தங்கை வந்திருக்கிறார், அண்ணனைவிடக் கண்டிப்பு என்று கேள்வி. எங்கள் விதியும் மாறிவிட்டது. மூளைப் பகுதியிலிருந்து வரும் பிளேட்டுகளை இப்போது பத்து நாள் வைத்துப் பார்க்கிறோம். அந்த உத்தரவில் தலைவியின் கையெழுத்து இருக்கிறது, யார் சொல்லி என்பதும் அவர் கைப்பட எழுதியிருக்கிறது. இன்குபேட்டரில் இடமே இல்லை. ஒவ்வொரு வாரமும் அதற்காக ஒரு சண்டை.

கடைசிப் பரிசோதனை அன்று தம்பதி இருவரும் எங்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். வாத்தியாருக்கு முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. தழும்பு தெரியாமலிருக்க ஒரு பக்கமாகச் சீவியிருந்தார். தலைவி அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அக்காவைக் காட்டி, “இவங்கதான்,” என்றார்.

வாத்தியார் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். “அதை நான் பாக்கலாமா?” என்று கேட்டார்.

பிளேட்டை எப்போதோ கொதிநீராவியில் போட்டு அழித்தாகிவிட்டது. ஆனால் லென்ஸ் வழியாக எடுத்த படம் கம்ப்யூட்டரில் இருந்தது. அக்கா திறந்து காட்டினாள். அவர் திரைக்கு அருகில் போனார், தள்ளி நின்றார், மறுபடி அருகில் போனார்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதாங்க.”

“கொம்பு, வாலு, ஒண்ணும் இல்லையா?”

“சுவரே இல்ல, கொம்புக்கு எங்க போறது,” என்றாள் அக்கா.

அவருக்கு மனசே ஆறவில்லை. “ஆஸ்பத்திரி மொத்தத்தையும் ஆட்டி வெச்சிருக்கு, நான் என்னமோ பெருசா நினைச்சுட்டு இருந்தேன்,” என்றார் மனைவியிடம். “லாரி மோதினா சொல்லிக்கலாம். இது என்ன, தூசி.”

“தூசிதான் உங்களை மொட்டையடிச்சுது,” என்றார் அந்த அம்மாள்.

அவர் படத்தின் பிரதி ஒன்று வேண்டும் என்றார். ஸ்கூல் அலுவலகத்தில் மாட்டப் போகிறாராம், சாலை விதிகளுக்குப் பக்கத்தில். தலைவி முடியாது என்றார், பிறகு அது அவருடையதுதானே என்று யோசித்தார், பிறகு நல்ல காகிதமாகப் பார்த்துத் தாமே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். வாத்தியார் அதை வலது கையில் வாங்கி, நெஞ்சுக்கு நேரே வைத்துப் பிடித்துக்கொண்டார். தபால் அம்மாள் தன் போனில் ஒரு போட்டோ எடுத்தார். அவர் கையில் படம் தலைகீழாக இருந்தது, மூலையில் அச்சான தேதி கவிழ்ந்து கிடந்தது. அந்தக் கிருமிக்குத் தலை எது கால் எது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாததால், நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.